கைக்கு வந்து சேர்ந்த ஹேண்டில்பார்

சிக்னலில் என் ஸ்கூட்டருக்கு முன்னால் ஒரு பைக் நிற்கிறது. பஸ்ஸுக்கும் காருக்கும் நடுவில் நுழைந்துவிடலாமென்று அதன் சொந்தக்காரர் ஹேண்டிலை வலது பக்கம் முழுக்க ஒடிக்கிறார். கை ஆக்சிலேட்டரை முறுக்கவே இல்லை. ஆனாலும் இன்ஜின் தானாகவே குரலை உயர்த்துகிறது. அடங்கிக் கிடந்த முனகல் யாரோ கிள்ளிவிட்டது மாதிரி வீறிடுகிறது.

‘ஆக்சிலேட்டர் ஒயரு குட்டையா இருக்குண்ணே’ என்று எனக்குள் ஒரு குரல் சொன்னது. என் குரல் இல்லை அது. திருச்சுழி மெக்கானிக் ஷாஜகான் பாயின் குரல்.

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். நான் கோயம்புத்தூரில் இல்லை. சீமைக் கருவேலமரத்தின் சல்லடை நிழலில், பிரேக் ஆயில் வாசனைக்கு நடுவே, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

இந்தத் தொடரைப் படிக்கிற வாசகி ஒருவர் போன வாரம் கடிந்துகொண்டார்: “நீங்கள் போன ஊர்களையே சொல்கிறீர்கள். போகாமல் இருந்தவர்களைச் சொல்ல மாட்டீர்களா?” நியாயம்தான். ஊர் ஊராகப் பெட்டி தூக்கியவன் நான். போகாமல் இருந்தவள் என் தங்கை மாரி. இந்த வாரம் அவள்.

கரிசல் ஏறிய சக்கரம்

எம்.ரெட்டியபட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கிற சின்ன ஊர் எங்களுடையது. மாரிக்குப் பால் எடுக்கிற வேலை. சுற்றுப்பட்டு ஊர்களில் மாடு வைத்திருக்கிற வீடுகளுக்குப் போய்ப் பாலை அளந்து வாங்கி, வண்டியின் இரண்டு பக்கமும் தொங்குகிற கேன்களில் ஊற்றி, பால் சென்டரில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். காலையில் ஒரு சுற்று, சாயங்காலம் ஒரு சுற்று. அந்தச் சுற்றுக்கு ‘லைன்’ என்று பெயர். மாரியின் லைனில் மாரி வந்த பிறகுதான் கன்றை அவிழ்ப்போம் என்கிற வீடுகளும் உண்டு.

அவள் வண்டி ஸ்கூட்டி இல்லை. கியர் வண்டி. முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் வைத்தது.

எங்கள் பக்கத்து மழை வராமலும் படுத்தும், வந்தும் படுத்தும். நனைந்த கரிசல் மண்ணாக இருக்காது, பிசினாக இருக்கும். சக்கரத்தில் ஏறி, மட்கார்டுக்குள் அடைந்து, உளுந்து மாவு மாதிரி அப்பி, கடைசியில் சக்கரத்தைச் சுற்றவே விடாது. அப்படி ஒரு காலையில் வண்டி நின்ற இடத்திலேயே சரிந்தது. விழுந்த மாரியை மண் ஒன்றும் செய்யவில்லை. நிறைந்த கேன்தான் வலது கையின் மேல் விழுந்தது.

மாவுக்கட்டைப் பிரித்தார்கள். கை திரும்ப வந்தது, மணிக்கட்டு முழுதாக வரவில்லை. பின்பக்கம் மடங்க மாட்டேன் என்றது. வண்டியில் இருந்த தட்டையான ஹேண்டில்பாரைப் பிடிக்க முன்னால் சாய்ந்தால் உடம்பின் பாரமெல்லாம் அந்த மணிக்கட்டில் இறங்கியது. இறங்கிய உடனே மாரி கையை உதறிவிடுவாள்.

அதுவரை லைனைப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். சென்டரில் சொல்லிவிட்டார்கள்: வருகிற திங்கட்கிழமை மாரி வரவில்லையென்றால் லைன் அவருக்கே.

செய்தி கேட்டு நான் வந்தபோது என் மனைவி இன்னொரு செய்தியைக் கொடுத்தனுப்பியிருந்தாள். கோயம்புத்தூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து நூல் மில்லில் பேக்கிங்குக்கு ஆள் எடுக்கிறார்கள், உட்கார்ந்து பார்க்கிற வேலை, மாரியை அழைத்து வந்துவிடுங்கள். மாரியின் வீட்டுக்காரர் செல்வம் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். ஆட்டோவை எந்த ஊரிலும் ஓட்டலாம் என்பது என் மனைவியின் கணக்கு.

இதை எப்படி ஆரம்பிப்பதென்று தெரியாமல் இரண்டு வேளைச் சோற்றைத் தின்று முடித்தேன். மூன்றாம் வேளைக்கு மாரியே ஆரம்பித்தாள்.

“என்னண்ணே, வந்ததுலருந்து தொண்டையில என்னமோ வச்சுக்கிட்டே திரியுற? மதினி எனக்கு வேலை பாத்து வச்சிருக்காகளாக்கும்?”

“யாரு சொன்னா?”

“ஒம் மொகம் சொல்லுது.” தட்டில் இன்னொரு கரண்டி ரசத்தை ஊற்றினாள், இடது கையால். “திருச்சுழியில பாயிட்ட பேசியிருக்கேன். ஆண்டில்பாரை ஒசரமா மாத்துனா நிமுந்து ஒக்காந்து ஓட்டலாம்ங்கிறாரு. மாத்திப் பாக்குறேன். ஓட்ட முடிஞ்சா இங்கன. முடியலேன்னா திங்கக்கெழம ஒங்கூட பஸ் ஏறுறேன். அதுக்கு மேல பேசப்படாது.”

“பேசல.”

“இந்தா, பேசுறியே.”

கண்ணை மூடச் சொன்னார்

சனிக்கிழமை காலை செல்வம் வண்டியை ஓட்டிக்கொண்டுபோய்த் திருச்சுழியில் விட்டுவிட்டு, ஆட்டோவுக்கு நேரமாகிவிட்டதென்று பஸ் ஏறிவிட்டார். நானும் மாரியும் பின்னால் வந்து சேர்ந்தோம்.

ஷாஜகான் பாய்க்குச் சொந்த ஊர் வீரசோழன் பக்கம். தகரக் கொட்டகை ஒர்க்‌ஷாப். கை ஒரு வேலை செய்தால் வாய் ரெண்டு வேலை செய்கிற மனிதர்.

“வாங்கண்ணே. ஒங்க தங்கச்சி மாதிரி ஆளு எனக்கு இதுதான் மொதத் தடவை. பயலுகளெல்லாம் ஆண்டில்பாரை எறக்கு எறக்குன்னு வருவாய்ங்க. பல்லி மாதிரி டேங்கு மேல படுத்துக்கிட்டுப் போகணுமாம். இவுக ஏத்தச் சொல்லுறாக. மகாராணி மாதிரி போகணும்ல?”

“மகாராணி பாலு எடுக்கப் போவாளா பாய்?” என்றாள் மாரி.

“போனா இப்படித்தான் போவாக.”

கண்ணாடிகள் கழன்றன. சுவிட்சுகள் கழன்றன. கிரிப்புக்குள் சோப்புத் தண்ணீர் விட்டுத் திருகினார். பாம்பு சட்டை உரிக்கிற மாதிரி அது வழுக்கிக்கொண்டு வந்தது. நாலு போல்ட்டு போனதும் ஹேண்டில்பார் தனியாக அவர் கையில் இருந்தது. வண்டியைப் பார்த்தேன். ஒயர்கள் மட்டும் எதைப் பிடிப்பதென்று தெரியாமல் முன்னால் தொங்கிக்கொண்டிருந்தன. வேறு ஊருக்குப் போன புதிதில் என் கைகள் அப்படித்தான் இருக்கும்.

புது ஹேண்டில்பார் உயரமாக எழும்பி, நுனிகள் ஓட்டுகிறவர் பக்கமாக வளைந்திருந்தது. பாய் அதை உடனே இறுக்கவில்லை.

“ஏறி ஒக்காருங்க தங்கச்சி. கண்ணை மூடுங்க. இப்பக் கையை நீட்டுங்க. ஆண்டில்பாரைத் தேடாதீக. கை எங்கன போகுதோ அங்கன நிறுத்துங்க.”

மாரி கண்ணை மூடினாள். இரண்டு கைகளும் காற்றில் எழுந்தன. இடது கை சட்டென்று நின்றது. வலது கை தயங்கியது, கொஞ்சம் தாழ்ந்தது, உள்பக்கமாகத் திரும்பி நின்றது. அந்த மணிக்கட்டு தனக்கு வேண்டிய இடத்தைத் தானே கேட்டுக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். பாய் ஹேண்டில்பாரைச் சுழற்றி அந்தக் கைகளுக்கு அடியில் கொண்டுவந்து வைத்தார். சாக்பீஸால் ஒரு கோடு. பிறகுதான் ஸ்பேனர்.

நீளமான கிளட்ச் ஒயரையும், பிரேக் ஆயில் ஓடுகிற ஓஸ் குழாயையும் முன்னமே வாங்கி வைத்திருந்தார். ஆக்சிலேட்டருக்குப் பழைய ஒயரே எட்டிவிடும் என்றார். எட்டவும் செய்தது. ஸ்டார்ட் செய்தார். இன்ஜின் அமைதியாக முனகியது. ஹேண்டிலை இடது பக்கம் முழுக்க ஒடித்தார், ஒன்றுமில்லை. வலது பக்கம் ஒடித்தார்.

வீறிட்டது.

“பாத்தீகளா? நா முறுக்கல. ஆண்டில்பார் திரும்பையில ஒயரை இழுக்குது. குட்டையா இருக்குண்ணே.”

“எட்டும்னீங்க?” என்றாள் மாரி.

“எட்டுச்சு. எட்டுனா மட்டும் போதுமா? ஒடிச்சாலும் தாங்கணும்ல. கொஞ்சம் லூஸு வேணும்.” தான் சொன்னதைத் தானே தவறென்று காட்டியதில் அவருக்கு ஒரு கூச்சமும் இல்லை. புதிதாகக் கண்டுபிடித்தவர் மாதிரி பெருமையாகச் சொன்னார்.

நீரில்லாக் கண்மாய்

நீள ஒயர் வாங்க என்னை அருப்புக்கோட்டைக்கு அனுப்பினார்கள். பஸ்ஸில் ஜன்னலோரம். பருத்திக்காடு, தரிசு, சீமைக் கருவேல், மறுபடியும் பருத்திக்காடு. வழியில் ஒரு வறண்ட கண்மாய் வந்ததும் மாரி வண்டி பழகிய நாள் ஞாபகத்துக்கு வந்தது.

நான் முதன்முதலில் வேலைக்குப் போய் ஒரு பழைய பைக் வாங்கியிருந்தேன். அய்யாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் கூலிக்கு நின்ற காலம். எங்கள் குடும்பத்தில் பெட்ரோல் போட்டு ஓடிய முதல் பொருள் அது. மாரி என்னிடம் கேட்டாள்: “ஒரே ஒரு ரவுண்டு.”

கண்மாய்க்குள் இறக்கினேன். வெடிப்பு விட்ட தரை, தடுக்க மரம்கூட இல்லை. கிளட்சையும் கியரையும் சொல்லிக் கொடுத்தேன். கிளம்பிப் போனாள். ஒரு ரவுண்டு முடிந்தது, நிற்கவில்லை. இன்னொரு ரவுண்டு. “பிரேக்கு! பிரேக்கைப் பிடிடீ!” என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். புழுதி என் வாயை அடைத்தது. கரையில் ஆடு மேய்த்தவர்கள் எழுந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். பெட்ரோல் தீர்ந்து வண்டி தானாக நின்றபோது பொழுது சாய்ந்திருந்தது. பிரேக் பிடிக்கத் தெரியாத மாரி என்று ஊரில் வெகுநாள் பேர் இருந்தது. அந்தக் கதையைப் போகிற ஊர்களிலெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

அருப்புக்கோட்டை ஸ்பேர்ஸ் கடையில் ஆணிகளில் ஒயர்கள் புடலங்காய் மாதிரி தொங்கின. “ஒசரமான ஹேண்டில்பாருக்கு ஆக்சிலேட்டர் ஒயர்” என்றேன்.

“எம்புட்டு ஒசரம்?”

நான் என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன்.

“சார், ஒயரா, சட்டையா? அளவு எடுக்க வந்த மாதிரி காட்டுறீங்க.”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பாய் கொடுத்தனுப்பிய பழைய ஒயரைப் பையிலிருந்து எடுத்து, இதைவிட ஒரு சாண் கூட என்றேன்.

அமுக்கு, பிடி, விடாதே

திரும்பி வந்தபோது புது ஓஸ் பூட்டி முடிந்திருந்தது. அதற்குள் பிரேக் ஆயில் ஊற்றி, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். மேலே ஒருவர் பிரேக் லிவரை அமுக்கிப் பிடிக்க, கீழே சக்கரத்தருகே ஒருவர் சின்ன நட்டைத் திறந்து மூட.

“நான் பிடிக்கிறேன்” என்று எழுந்தேன்.

“ஓட்டப் போறது நீங்களாண்ணே? ஒக்காருங்க. தங்கச்சி, வாங்க.”

மாரி தயங்கினாள். வலது கைக்கு வேலை. லிவரின் மேல் நாலு விரலை வைத்தாள்.

“அமுக்குங்க. விடுங்க. அமுக்குங்க. விடுங்க. அமுக்கிப் பிடிங்க... விடாதீக, விடாதீக...” கீழே நட்டைத் திறந்தார். பொசுக்கென்று குமிழி குமிழியாக எண்ணெய் பீச்சியது. நட்டை மூடினார். “இப்ப விடுங்க.”

முதலில் லிவர் ஊறிய ரொட்டி மாதிரி உள்ளே போனது. மறுபடியும், மறுபடியும். மாரியின் மேலுதட்டில் வியர்வை பூத்தது. கீழுதட்டைப் பல்லால் பிடித்துக்கொண்டாள். பாய் நிமிர்ந்து பார்க்கவில்லை. தண்ணீர் கேனை எடுத்து, பெயின்டில் சிந்திய ஆயிலைக் கழுவி விட்டுக்கொண்டே இருந்தார். பிரேக் ஆயில் பெயின்டைத் தின்றுவிடுமாம். சூடும் கசப்பும் கலந்த அந்த வாசனை எங்கே வந்தாலும் இப்போதும் நான் திரும்பிப் பார்ப்பேன்.

“ஏத்தா, போதும், நான் மாத்திக்கிறேன்” என்றேன்.

“பேசாம இரு.”

ஒரு கட்டத்தில் குமிழி நின்றது. லிவர் பாதி வழியில் கல் மாதிரி நின்றது. மாரி அதை விடாமல் பிடித்துக்கொண்டே முன்சக்கரத்தைத் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை.

“என்ன பாய், நின்னுருச்சு?”

“நிக்கத்தான வைக்கிறோம்” என்றார் பாய்.

புது ஒயரைப் பூட்டி, இன்ஜினை ஓடவிட்டு, ஹேண்டிலை இடமும் வலமும் முழுக்க ஒடித்துக் காட்டினார். ஒரே முனகல், ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. ஒர்க்‌ஷாப் வாசலில் மாரி நேராகக் கொஞ்ச தூரம் போய் வந்தாள். நிமிர்ந்திருந்தாள். முகத்தில் மட்டும் இன்னும் நம்பிக்கை வரவில்லை.

“நேரா போகுது. அவசரத்துல பிடிக்கையில இந்தக் கை பிடிக்குமான்னு தெரியலண்ணே. ரோட்டுல ஆடு வரும், புள்ளைக வரும்.”

பாய் லிவரை இன்னொரு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டுச் சாவியை அவளிடம் நீட்டினார்.

செல்வம் கட்டிய மாலை

ஞாயிற்றுக்கிழமை காலை. ஊர் அம்மன் கோயில். வண்டிக்கு ஒரு புதுச் சாமான் மாட்டினால்கூட சாமி முன்னால் நிறுத்தி, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி, கோயிலை ஒரு சுற்று வலம் வருவது எங்கள் பக்கத்து வழக்கம்.

செல்வம் ஆசையாசையாக ஒரு சம்பங்கி மாலை வாங்கி வந்திருந்தார். நல்ல மனிதர், ஆட்டோக்காரர். ஆட்டோவுக்கு மாலை போட்டால், ஓடுகிற வேகத்தில் பறந்துவிடக் கூடாதென்று நைலான் கயிற்றால் நாலு சுற்றுச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போடுவார்கள். அதையேதான் பைக்குக்கும் செய்தார். ஹேண்டில்பார், மாலை, அதன் பக்கத்தில் வளைந்து போகிற ஆக்சிலேட்டர் ஒயர் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து இறுக்கிக் கட்டினார். பார்ப்பதற்கு லட்சணமாகத்தான் இருந்தது. நானும் பாராட்டினேன்.

சந்தனம், குங்குமம். முன்சக்கரத்துக்கு அடியில் பழம். செல்வம் சூடத் தட்டோடு வண்டிக்கு வலது முன்பக்கமாகப் போய் நின்றுகொண்டார். மாரி ஸ்டார்ட் செய்தாள். பழம் நசுங்கியது. வலம் வருவதற்காக ஹேண்டிலை வலது பக்கம் ஒடித்தாள்.

வண்டி வீறிட்டுப் பாய்ந்தது.

நேராகச் செல்வத்தின் மேல். அவர் நகரவில்லை. தட்டில் சூடம் எரிகிறபோது நகர்வது தப்பு என்று நினைத்தாரோ என்னவோ.

“மாரி!”

இடது கை கிளட்சைப் பிடித்தது. வலது கை பிரேக்கைப் பிடித்தது. முன்சக்கரம் மண்ணைக் கீறிக்கொண்டு, செல்வத்தின் வேட்டிக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. இன்ஜின் மட்டும் கத்திக்கொண்டே இருந்தது.

“சாவியை அமத்துண்ணே! என்னால கையை எடுக்க முடியாது!”

ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பினேன். அவ்வளவு அமைதி. தட்டில் சூடம் அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. மாரி பிரேக்கை இன்னும் விடவில்லை. லிவரைப் பிடித்திருந்த விரல்களை, வேறு யாருடைய விரல்களையோ பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

“வலிக்குதா?” என்றேன்.

“வலிக்குது.” மூச்சு வாங்கினாள். “பிடிச்சிருச்சுல்ல?”

பிறகுதான் கயிற்றைப் பார்த்தாள். பாய் பார்த்துப் பார்த்து விட்டிருந்த லூஸையெல்லாம் நாலு சுற்றுக் கயிறு தின்றிருந்தது.

“ஏங்க! ஒயரையும் சேத்தா கட்டுவாக?”

“காத்துல பறந்துரக் கூடாதுன்னுதான்...” செல்வத்தின் குரல் சூடப்புகைக்குள்ளிருந்து வந்தது.

“பூவு பறந்தா போயிட்டுப் போகுது. நீங்க பறந்திருப்பீக!”

“அதான் நீ பிடிச்சிட்டியே.”

மாரி சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. பூசாரி சிரித்தார், நான் சிரித்தேன். கடைசியாகச் செல்வமும், எதற்கென்று தெரியாமல். கயிற்றை அறுத்து மாலையை ஹெட்லைட்டின் மேல் சும்மா போட்டோம். மாரி மறுபடியும் ஸ்டார்ட் செய்து வலம் வந்தாள். முதல் திருப்பத்திலேயே மாலை பறந்து விழுந்தது. யாரும் எடுக்கப் போகவில்லை.

திங்கட்கிழமை

நான் எழுந்தபோது வாசலில் வண்டி இல்லை. காபியைக் குடித்துவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். செல்வம் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டே இருந்தார், துடைத்த இடத்தையே.

வெயில் ஏறின பிறகு வந்தாள். சேலையெல்லாம் பால் வாசனை. சென்டரில் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன்.

“என்ன சொல்லுவாக? கேனை எப்பவும் வைக்கிற எடத்துல வையின்னாக.” மணிக்கட்டு லேசாக வீங்கியிருந்தது. நான் அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். “வெந்நி வச்சா சரியாப் போகும். கெளம்பு, ஒனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு. ஏறு.”

காலிக் கேன்கள் இரண்டு பக்கமும் தொங்க, கால் வைக்க இடமில்லாமல் கேன்களின் மேலேயே போட்டுக்கொண்டு, பெட்டியை மடியில் வைத்து நான் பின்னால். கேன் மூடிகள் கடகடவென்று தாளம் போட்டன. எனக்கு முன்னால் நிமிர்ந்த ஒரு முதுகு.

“கண்மாயில சுத்துனியே, ஞாபகமிருக்கா?” என்று கத்திக் கேட்டேன். “பிரேக்குத் தெரியாம.”

“யாருக்குத் தெரியாது?” காற்றில் அவள் குரல் பின்னால் வந்தது. “கிளம்பையிலேயே பிடிச்சுப் பாத்துட்டேன். நிறுத்துனா எறங்கச் சொல்லுவ. அதான் நிறுத்தல.”

இத்தனை வருஷம் ஊர் ஊராகச் சொன்ன கதை என் மடியில் பெட்டியோடு சேர்ந்து குலுங்கியது.

மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரிகிற விலக்கில் இறக்கிவிட்டாள். தூரத்தில் அருப்புக்கோட்டை பஸ் புழுதியோடு வந்துகொண்டிருந்தது. மாரி வண்டியைத் திருப்ப ஹேண்டிலை முழுக்க ஒடித்தாள். காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். இன்ஜின் குரல் உயரவில்லை. அதே முனகல், அடங்கி, சீராக.

“போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுறேன் மாரி” என்றேன்.

“சாயங்காலந்தானே போய்ச் சேருவ? அப்பப் பண்ணாதண்ணே. நா வண்டியில இருப்பேன்.”